சுயதொழில் ஏன் வளர வேண்டும்?

பிறரிடம் வேலை தேடி அலையாமல், தம் கைத்திறனையும் சிறு முதலையும் நம்பிப் பிழைப்போர் நம் நாட்டில் பல கோடிப் பேர். தெருவோரத்தில் காய்கறி விற்பவர், தையல் பொறியுடன் திண்ணையில் அமர்ந்திருப்பவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், தச்சர், கொல்லர், வீட்டில் அப்பளமிட்டு விற்கும் பெண், சொந்த நிலத்தில் உழும் உழவர் என இவர்கள் யாவரும் "சுயதொழில் புரிவோர்" என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குவர். மைய அரசின் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் நடத்தும் தொழிலாளர் ஆய்வின்படி, 2017-18இல் உழைப்போரில் 52.2 விழுக்காட்டினர் சுயதொழிலில் ஈடுபட்டிருந்தனர். 2023-24இல் இவ்விகிதம் 58.4 ஆக உயர்ந்தது. அவ்வாண்டில் ஒழுங்கான சம்பளம் பெற்றோர் 21.7 விழுக்காட்டினர் மட்டுமே; எஞ்சியோர் நாட்கூலிகள்.

சுயதொழில் புரிவோரின் எண்ணிக்கை பெருகுவது மகிழ்ச்சிக்குரிய செய்தியா, கவலைக்குரிய செய்தியா என்னும் வினாவுக்கு இவ்வெண்கள் மட்டும் விடை கூறமாட்டா. விடை வேறோர் ஆய்வில் இருக்கிறது. வேளாண்மை அல்லாத, கம்பெனிகளாகப் பதிவு செய்யப்படாத தொழில்களைப் பற்றி 2015-16இல் தேசிய மாதிரி ஆய்வு நடத்தப்பட்டது. அதன்படி அத்தகைய தொழில்கள் ஏறத்தாழ 6 கோடியே 34 இலட்சம். இவற்றுள் 84 விழுக்காட்டுத் தொழில்களில் கூலிக்கு அமர்த்தப்பட்ட நிலையான பணியாளர் ஒருவர்கூட இல்லை. உடையவரும், சிலவிடங்களில் அவர் குடும்பத்தாருமே அங்கு உழைப்பாளிகள்.

அதாவது, நம் நாட்டில் சுயதொழில் தோன்றுவதில் குறைவில்லை. தோன்றியது வளர்வதில்தான் குறை இருக்கிறது. இக்குறை ஏன் ஏற்படுகிறது, இதனை நீக்குவது ஏன் இன்றியமையாதது, அதற்கு வழி யாது என்பனவற்றை ஆராய்வது பயனுடையது.

கையளவே வருவாய்

தனித்து உழைப்பவரின் பொருளாதாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு சிறு நகரில் இரவிக்கை தைக்கும் பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்ளலாம். ஓர் இரவிக்கைக்குத் தையற்கூலி 150 ரூபாய். அளவெடுத்தல், துணி வெட்டுதல், தைத்தல், கொக்கி வைத்தல், ஓரம் மடித்துக் கையால் தைத்தல் ஆகிய அனைத்தையும் அவரே செய்வதால் நாளொன்றுக்கு 4 இரவிக்கைகளுக்குமேல் தைக்க இயலாது. வரவு 600 ரூபாய். நூல், கொக்கி, மின்சாரம் முதலியவற்றிற்கு இரவிக்கைக்கு 25 ரூபாய் வீதம் 100 ரூபாய் போக, கையில் நிற்பது 500 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை செய்தால் 12,500 ரூபாய்.

இந்த வருவாய்க்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முன் நாளொன்றுக்கு 20 துணிகள் வந்து குவிந்தாலும் அவரால் 4தான் தைக்க முடியும். இரவு கண்விழித்தால் ஆறு. எஞ்சியவை வேறு கடைக்குப் போகும். உச்சவரம்பு இருப்பதுபோல் அடித்தளம் இருப்பதில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் அவ்வார வருவாய் முற்றிலும் நின்றுவிடும். மகப்பேறு, பெற்றோரின் நோய், பொறியின் பழுது என எது நேர்ந்தாலும் வருமானம் பூச்சியமாகும். வாடகையும் அரிசியும் நிற்கமாட்டா. ஐம்பது வயதில் கண்பார்வை மங்கும்போது, முப்பது ஆண்டு உழைப்பின் முடிவில் அவரிடம் எஞ்சுவது தேய்ந்த ஒரு தையல் பொறி மட்டுமே. கடையை விற்க நினைத்தாலும் வாங்குவோர் இரார். ஏனெனில், அங்கு விலைக்குரியதாக இருந்தது அவருடைய கை. அதனை விற்க இயலாது.

ஆகவே, தனித்து உழைப்பவர் தமக்குத் தாமே எசமானர் என்று கூறுவது பாதியுண்மைதான். விடுப்பு, ஓய்வூதியம், நோய்க்காப்பு ஆகிய எதுவுமில்லாத வேலையில் தம்மைத் தாமே அமர்த்திக்கொண்டவர் அவர் என்பதே முழு உண்மை.

பெருகக்கூடிய தொழில் எது?

வேலையின் அளவு இருமடங்காகும்போது உடையவரின் சொந்த உழைப்பும் இருமடங்காக வேண்டிய தேவை இல்லாத தொழிலே பெருகக்கூடிய தொழில். இதற்குப் பெரிய ஆலையோ, கோடிக்கணக்கான முதலோ கட்டாயமன்று. மூன்று இயல்புகள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, பொருளின் தரம் ஒருவரின் கைராசியை நம்பியிராமல் எழுதிவைக்கக்கூடிய அளவுகளை நம்பியிருத்தல். இரண்டாவது, வேலை பல படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படியையும் புதிதாக வருபவர் சில நாட்களில் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருத்தல். மூன்றாவது, தொழிலின் கணக்கு வீட்டுக் கணக்கினின்று பிரிந்து நிற்றல். இம்மூன்றும் அமைந்துவிட்டால், உடையவர் ஒரு வாரம் இல்லாவிடினும் தொழில் நடக்கும். அவ்வாறு நடக்கிறதா என்பதே அதன் வளர்ச்சித் தகுதிக்கு உரைகல்.

வளர்ச்சியின் முதற்படியில் ஒரு பள்ளம்

இவ்வளவு நன்மை இருக்குமாயின் எல்லோரும் தொழிலை ஏன் விரிவாக்குவதில்லை? அறியாமையும் சோம்பலுமே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. மேற்கூறிய தையற்காரரின் கணக்கைத் தொடர்ந்தால் உண்மைக் காரணம் புலனாகும்.

அவர் மூன்று பேரைத் தைப்பதற்கு அமர்த்திக்கொண்டு, அளவெடுப்பதையும் வெட்டுவதையும் மட்டும் தாம் செய்வதாகக் கொள்ளலாம். தைப்பவர் ஒவ்வொருவரும் நாளுக்கு 5 வீதம் 15 இரவிக்கைகள் ஆகும். வரவு 2,250 ரூபாய். நூல் முதலிய செலவு 375 ரூபாய். தைப்போருக்கு இரவிக்கைக்கு 80 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். கொக்கி வைத்து ஓரம் தைத்துத் தரும் அண்டை வீட்டாருக்கு 10 ரூபாய் வீதம் 150 ரூபாய். கூடுதல் இடத்தின் வாடகைக்கும் பொறிகளுக்காக வாங்கிய கடனின் தவணைக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். இவை போக உடையவருக்கு எஞ்சுவது 425 ரூபாய். தனியே உழைத்தபோது கிடைத்ததோ 500 ரூபாய்.

வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகியும் வருவாய் குறைந்துவிட்டது! பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அஞ்சித் திரும்பிவிடுகின்றனர். "ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது" என்று அவர்கள் கூறுவது வெறும் சாக்கன்று. அவர்கள் அளவில் அது சரியான கணக்கே.

ஆனால் கணக்கு அங்கு முடியவில்லை. வெட்டுவதில் கைதேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 30 இரவிக்கைகளுக்குத் துணி வெட்ட முடியும். ஆறு பேர் தைத்தால் வரவு 4,500 ரூபாய். செலவினங்கள் அனைத்தும் அதே வீதத்தில் 3,450 ரூபாயும், வாடகையும் தவணையும் இருமடங்காகி 200 ரூபாயும் போக, எஞ்சுவது 850 ரூபாய். தனியே உழைத்த காலத்தைவிட 350 ரூபாய் அதிகம். அத்துடன் ஆறு பேருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் ஊதியம் கிடைக்கிறது. உடையவர் படுத்துவிட்டாலும், வெட்டுவதற்கு ஒருவரைப் பழக்கியிருந்தால் கடை திறந்திருக்கும். கடனின் தவணை முடிந்தபின் வருவாய் மேலும் உயரும்.

இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும். ஆயினும் அவை காட்டும் உண்மை பொதுவானது. தனித்தொழிலுக்கும் வளர்ந்த தொழிலுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. அதனைக் கடக்கச் சில மாதச் செலவுக்கான நடைமுறை முதலும், கூடுதல் உற்பத்தியை வாங்கிக்கொள்ளும் நிலையான சந்தையும் வேண்டும். பள்ளிச் சீருடை போன்ற தொடர்ச்சியான வேலை கைவசம் இருக்கும்போது ஆள் சேர்ப்பது அறிவுடைமை. அது இல்லாமல் கடன்பட்டுப் பொறிகளை மட்டும் வாங்கி அடுக்குவது ஆபத்து.

எண்பது ரூபாயில் தொடங்கிய தொழில்

இப்பள்ளத்தைக் கடந்தோரின் வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளமிட்டனர். முதலீடு 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டர் கொடுத்த கடன். முதல் நாளில் ஆனவை 4 கட்டு அப்பளங்கள். புலேஷ்வர் பகுதியில் அவர்களுக்கு அறிமுகமான வணிகர் ஒருவர் அவற்றை விற்றுத் தந்தார். இலாபம் வரினும் நட்டம் வரினும் நன்கொடை பெறுவதில்லை என அப்பெண்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். முதலாண்டின் மொத்த விற்பனை 6,196 ரூபாய்.

இவ்வெழுவரும் ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியே அப்பளம் விற்றிருப்பின், ஏழு சுயதொழில்கள் எனப் புள்ளிவிவரத்தில் சேர்ந்திருப்பர். அதற்குமேல் எதுவும் நேர்ந்திராது. அவர்கள் செய்தது வேறு. முதலில் இருவகை அப்பளங்கள் செய்தனர். ஒன்று தரத்தில் தாழ்ந்து விலை மலிந்தது. தரத்தில் ஒருபோதும் தாழக்கூடாது என்றும், கணக்கைச் சரிவர வைக்க வேண்டும் என்றும் பாரேக் அறிவுறுத்தினார். இவ்விரண்டு அறிவுரைகளே பிற்கால வளர்ச்சிக்கு அடிப்படையாயின எனலாம்.

முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலர்த்த வெயில் இல்லாமையால் நான்கு மாதங்கள் வேலையை நிறுத்த நேர்ந்தது. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். செலவு சிறிதே, ஆனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக் காலம் வருவாயின்றி இருக்கும் நிலை அத்துடன் நீங்கியது. பெருகக்கூடிய தொழிலின் முதற்பாடம் இது: வருவாய் எங்கு நின்றுபோகிறதோ, அங்குதான் முதலீடு செய்ய வேண்டும்.

மாடியில் இடம் போதாதபோது, அப்பளமிடும் வேலை வீடுகளுக்குச் சென்றது. ஆனால் மாவு பிசைவது மட்டும் ஓரிடத்திலேயே நடந்தது. இந்தப் பிரிவினையின் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்பளத்தின் சுவையைத் தீர்மானிப்பவை உளுந்து, மிளகு, பெருங்காயம், உப்பு ஆகியவற்றின் தரமும் விகிதமும். இவை நிறுவனத்தின் கையில் இருந்தன. மாவை வட்டமாக இடுவதும் உலர்த்துவதும் ஆயிரம் வீடுகளில் நடக்கலாம்; சுவை மாறாது. காலையில் பெண்கள் பிசைந்த மாவை வாங்கிச் செல்வர். முந்திய நாள் இட்ட அப்பளத்தைத் திருப்பிக் கொடுப்பர். எடையும் தரமும் பார்க்கப்பட்டு, இட்ட கூலி வழங்கப்படும். குழந்தையை விட்டு வெளியே செல்ல இயலாத பெண்ணும் தம் வீட்டிலிருந்தே தொழிலில் பங்குபெற இதனால் முடிந்தது.

1962இல் "லிஜ்ஜத்" என்னும் வணிகப் பெயர் சூட்டப்பட்டது. 1966 ஜூலையில் நிறுவனம் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனைத் தானியம், பருப்பு பதப்படுத்தும் தொழிலாக ஏற்று, 8 இலட்சம் ரூபாய் நடைமுறை முதல் வழங்கியது. கடனுதவி எப்பொழுது வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தரம், கணக்கு, சந்தை ஆகிய மூன்றும் ஏழாண்டுகளில் நிலைபெற்ற பின்னரே பெருந்தொகை வந்தது. ஆகவே அது வீணாகவில்லை.

இவ்வளர்ச்சி தோல்வியின்றி நிகழ்ந்ததன்று. 1961இல் மலாடில் கிளை திறக்கச் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1968இல்தான் குசராத்தின் வாலோடில் மகாராட்டிரத்துக்கு வெளியே முதற்கிளை அமைந்தது. இன்று இந்நிறுவனத்தில் 45,000க்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினர். அவர்கள் கூலியாட்களாக அன்றி உடைமையாளராகவே கருதப்படுகின்றனர். இலாபம் அவர்களிடையே பகிர்ந்தளிக்கப்படுகிறது. தொடங்கிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தனித்தனியே சிறியோர், சேர்ந்தால் பெரியோர்

தொழில் வளர வேண்டுமெனில் ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் கூலியாகவும் மாறியே தீர வேண்டும் என்பதில்லை. குசராத்தின் கேடா மாவட்ட உழவர்கள் இதற்கு மற்றுமொரு சான்று. ஓரிரண்டு எருமைகள் வைத்திருக்கும் குடும்பம் தன் தொழிலை எவ்வாறு பெருக்க இயலும்? பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும்; எனவே வணிகர் சொன்னதே விலை. 1946 டிசம்பரில் மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவர். தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர் பால், அவ்வளவே.

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் கறக்கும். அம்மிகுதிப் பால் விலைபோகாமல் உழவருக்கு நட்டம் விளைந்தது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாதென உலக வல்லுநர் கருதியிருந்த காலத்தில், அத்தொழில் நுட்பத்தை எச்.எம்.தலாயா உருவாக்கினார். 1955இல் ஆனந்தில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. வர்கீஸ் குரியனின் நிருவாகத்தில் ஒன்றியம் விரிந்தது. மாடு வளர்ப்பு வீட்டளவிலேயே இருந்தது; பதப்படுத்துவதும் விற்பனையும் மட்டும் பெரிதாயின. தொழிலின் எந்தப் பகுதி சிறிதாக இருக்கலாம், எந்தப் பகுதி பெரிதாக வேண்டும் என்று பகுத்துணர்ந்ததே இங்கும் வெற்றியின் காரணம்.

முதல் திரட்டும் வகையிலும் கூட்டுமுயற்சி துணைசெய்யும். ஏலா பட் 1972இல் அகமதாபாதில் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கத்தின் உறுப்பினர் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை செலுத்தி, 1974இல் தமக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றையே நிறுவினர். கந்துவட்டிக்காரரிடம் நாள்வட்டிக்குக் கடன் வாங்கிக் காய்கறி விற்றோருக்கு அது மாற்றுவழியாயிற்று.

வளர்ச்சிக்குத் தடையாய் நின்ற பாதுகாப்பு

தொழில்கள் வளராமைக்குப் பொதுக்கொள்கையும் ஒரு காலத்தில் காரணமாக இருந்தது. சிறு தொழிலைப் பெரிய ஆலைகளின் போட்டியினின்று காக்கும் நன்னோக்குடன், 1967இல் 47 பொருள்கள் சிறு தொழிலுக்கே ஒதுக்கப்பட்டன. நாளடைவில் இப்பட்டியல் 800க்கு மேற்பட்ட பொருள்களாக நீண்டது. பொறிகளில் இடப்படும் முதலீடு குறிப்பிட்ட வரம்பிற்குள் இருந்தால்தான் அது சிறு தொழில். அவ்வரம்பு 1980இல் 20 இலட்சம் ரூபாயாகவும் 1985இல் 35 இலட்சம் ரூபாயாகவும் இருந்தது. வரம்பைக் கடந்தால் சலுகைகள் போய்விடும் என்பதால், நல்ல பொறி வாங்கி வளரக்கூடியவரும் வளராதிருப்பதையோ, ஒரே தொழிலைப் பல பெயர்களில் பிரித்து நடத்துவதையோ இலாபமாகக் கண்டனர். சிறுமைக்கே பரிசளித்தால் சிறுமையே நிலைக்கும் என்பது இதனால் விளங்கிற்று. படிப்படியாகக் குறைக்கப்பட்ட இவ்வொதுக்கீட்டின் கடைசி 20 பொருள்களும் 2015 ஏப்ரலில் பட்டியலினின்று நீக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 1 முதல், பொறி முதலான முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில் யாவும் "குறுந்தொழில்" எனக் கொள்ளப்படுகின்றன. எனவே, வளர்ந்தால் உரிமை போய்விடும் என்னும் அச்சத்திற்கு ஒரு சிறு தையற்கடையோ அப்பளத் தொழிலோ இன்று இடந்தர வேண்டியதில்லை.

கைக்கெட்டும் உதவிகள்

பள்ளத்தைக் கடக்க நடைமுறை முதல் வேண்டும் என மேலே கூறப்பட்டது. 2015 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் ஈடின்றிக் கடன் வழங்க வகைசெய்கிறது. இதில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 இலட்சம் வரை கிசோர், 10 இலட்சம் வரை தருண் எனப் படிகள் உண்டு. தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கு 20 இலட்சம் ரூபாய் வரை கடன் வழங்கும் படியும் 2024இல் சேர்க்கப்பட்டது. முதற்படியில் கடன் பெற்றோர் அங்கேயே நின்றுவிடாமல் அடுத்தடுத்த படிகளுக்கு ஏறும்போதுதான் இத்திட்டத்தின் உட்கருத்து நிறைவேறும்.

தையற்காரர், தச்சர், கொல்லர், குயவர் உள்ளிட்ட 18 வகைக் கைவினைஞருக்காக 2023 செப்டம்பர் 17ஆம் நாள் விசுவகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. பயிற்சியுடன், கருவிகள் வாங்க 15,000 ரூபாயும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 இலட்சமும் பின்னர் 2 இலட்சமும் கடனாகப் பெற அதில் இடமுண்டு.

பணம் வந்து சேராமையும் சிறு தொழிலைச் சாய்க்கும் நோயாகும். பெரிய நிறுவனத்திற்குச் சரக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர், இலாபம் ஏட்டில் இருக்கும்போதே கடனில் மூழ்குவார். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குரிய தொகையை 45 நாட்களுக்குமேல் நிறுத்திவைத்தல் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டிச் செலுத்த வேண்டும். இவ்வுரிமையைக் கோருவதற்குத் தொழில் பதிவாகியிருத்தல் நலம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவு கட்டணமற்றது. ஆதார் எண்ணைக் கொண்டு செய்யத்தக்கது. பதிவு என்றாலே வரித்தொல்லை எனக் கருதி ஒதுங்கி நிற்போர், தம் உரிமைகளினின்றும் ஒதுங்கிவிடுகின்றனர்.

எது வளர்ச்சி அன்று

ஒவ்வொரு சுயதொழிலும் விரிந்தாக வேண்டும் என்று கூறுவது பொருந்தாது. சிற்பி, வாத்தியக் கலைஞர் போன்றோரின் தொழிலில் அவர்தம் கையே பொருளின் மதிப்பு. அதனைப் பிரித்தளிக்க இயலாது. அவர்களும் தம் கலையைப் பிறருக்குக் கற்பித்தல் வாயிலாகவோ, விற்பனையைக் கூட்டாக நடத்துதல் வாயிலாகவோ தம் முதுமைக்கு வழிதேடலாம்.

மேலும், தைப்பவரின் கூலியை 80 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்து உடையவர் தம் பங்கைக் கூட்டிக்கொள்வது வளர்ச்சியாகாது. ஒருவரின் நிலையின்மையை ஆறு பேரின் தலையில் ஏற்றுவதே அது. அவ்வாறு நடத்தப்படும் பட்டறையில் பழகிய கைகள் நிலைத்திருக்கமாட்டா. பழகிய கைகள் நிலைக்காத இடத்தில் தரமும் நிலைக்காது.

செய்யத்தக்கவை

தம் தொழிலை வளர்க்க விழைவோர் முதற்கண் செய்ய வேண்டியது ஆள் சேர்ப்பதோ கடன் வாங்குவதோ அன்று; தம் வேலையைத் தாமே உற்றுநோக்குவது. ஒரு மாத காலம், நாள்தோறும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு செலவாயிற்று, எந்த வேலை கைவிட்டுப் போயிற்று என ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், எதைப் பிறரிடம் ஒப்படைக்கலாம் என்பது தானே தெளிவாகும். அடுத்து, அளவுகளையும் முறைகளையும் எழுதி வைத்தல். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, உடையவரும் தமக்கொரு மாத ஊதியம் குறித்து அதனை மட்டும் எடுத்தல். நிலையான வாங்குவோர் சிலரைத் தேடிக்கொள்ளுதல். ஒருவரையேனும் தம் இடத்தில் அமரும் அளவுக்குப் பழக்குதல். பின்னரே கடன், பொறி, கூடுதல் ஆட்கள். இவ்வரிசையை மாற்றிச் செய்தோர் பலர் கடனாளிகளாயினர்.

வங்கிகளுக்கும் ஆட்சித்துறைக்கும் இதில் பங்குண்டு. எத்தனை பேருக்குக் கடன் கொடுக்கப்பட்டது என்பதோடு, கடன் பெற்றோருள் எத்தனை பேர் மூன்றாண்டுகளில் தம் தொழிலில் இன்னொருவருக்கு வேலை கொடுத்தனர் என்பதும் கணக்கிடப்பட வேண்டும். ஆறு கோடிக்கு மேற்பட்ட சிறு தொழில்களில் பத்தில் ஒன்று, நிலையான பணியாளர் ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டாலும் அறுபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் வேலை பெறுவர். எந்தவொரு பேராலையும் தரவியலாத வேலைவாய்ப்பு அது.

1959இல் அம்மொட்டை மாடியில் கூடிய எழுவரிடமும் தனித்தனியே இருந்தது அப்பளமிடும் கைத்திறன் ஒன்றே. அத்திறன் நம் நாட்டில் எண்ணற்ற இல்லங்களில் இன்றும் இருக்கிறது. அவர்கள் அதனுடன் சேர்த்தவை மாறாத தரமும், நேரிய கணக்கும், பகிர்ந்துண்ணும் மனப்பான்மையும். கைத்திறன் ஒருவர் வயிற்றை நிரப்பும். அதனுடன் இம்மூன்றும் சேரின், கை ஓய்ந்த பின்னும் தொழில் சோறு போடும். பிறர் இல்லங்களிலும் அடுப்பெரியும்.